அப்பத்தா வைத்துவிட்டுப் போன கடன்

2006-ல் தமிழ்நாடு முழுக்க சிக்குன்குனியா வந்தது பலருக்கு நினைவிருக்கும். எனக்கு அப்போது 17 வயது. காய்ச்சல் நாலு நாளில் விட்டது. மூட்டுவலி விடவில்லை. முழங்கால் மடங்காது, கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். மூன்று மாதம் கட்டை மாதிரி கிடந்த என்னைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், ஒரு நாள் விடியற்காலையில் அப்பத்தா வாசலில் நின்று, கண்மாய்க்கரைப் பக்கம் திரும்பிச் சத்தமாகவே பேரம் பேசியது.

"அய்யனாரே, இவளை எந்திரிச்சு நடக்க விடு. அடுத்த எடுப்புல ஒனக்கு ஒரு குதிரை வைக்கிறேன். நாலு காலு தாரேன், நீ ரெண்டு காலைக் குடு."

நான் நடந்தேன். சிக்குன்குனியா மூட்டுவலி பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. சரி, அது வேறு கணக்கு. அய்யனார் தன் பங்கைச் செய்துவிட்டார். குதிரைதான் போய்ச் சேரவில்லை. அந்த "அடுத்த எடுப்பு" வருவதற்கு 17 வருஷம் ஆனது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டமும் சிவகங்கை மாவட்டமும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் பொன்னமராவதி, இன்னொரு பக்கம் சிங்கம்புணரி. வானம் பார்த்த பூமி. இந்தப் பக்கத்தில் கண்மாய் என்று ஒன்று இருந்தால் அதன் கரையில் அநேகமாக அய்யனார் இருப்பார். இரண்டு பக்கமும் பூரணை, புஷ்கலை. சற்றுத் தள்ளி அரிவாளோடு கருப்பர். ராத்திரியில் அய்யனார் குதிரை ஏறி ஊரையும் கண்மாயையும் சுற்றி வருகிறார் என்பது நம்பிக்கை. சுற்றுகிறவருக்கு வாகனம் வேண்டுமே. அதை மண்ணில் செய்து, சுட்டு, தோளில் சுமந்து ஊர் கூடிக் கொண்டுபோய்க் கோயிலில் விடுவதுதான் புரவி எடுப்பு. சிங்கம்புணரி மாதிரி பெரிய ஊரில் எடுத்தால் பத்திரிகையில் படம் வரும். எங்களைப் போன்ற சின்ன ஊர்களில் எடுப்பது அந்த ஊருக்கும், பெண் கொடுத்து எடுத்த ஊர்களுக்கும்தான் தெரியும்.

குதிரை மட்டும் இல்லை. பிள்ளை வரம் கேட்டவர்கள் மண்ணில் பிள்ளை உருவம் வைப்பார்கள், அதற்கு மதலை என்று பெயர். நோயில் கிடந்த மாடு பிழைத்தால் மண்மாடு. இப்படிச் சேர்ந்து சேர்ந்து, கோயிலுக்கு முன்னால் உடைந்த குதிரைகளின் கூட்டமே கிடக்கும். தலை இல்லாதது, கால் இல்லாதது, வயிற்றுக்குள் பாம்புச் சட்டை கிடப்பது. சின்ன வயதில் அந்தப் பக்கம் தனியாகப் போகமாட்டேன். ஆனால் அப்பத்தாவோடு போனால் பயம் தெரியாது. ஒவ்வொரு உடைந்த குதிரைக்கும் அப்பத்தாவிடம் ஒரு ஆள் உண்டு. "இது மேலவீட்டுக்காரன் மகன் கப்பல்ல போயி திரும்பி வந்ததுக்கு வச்சது. அந்தா கழுத்தில்லாம கெடக்குல்ல, அது ரெண்டு புள்ளையப் பறிகொடுத்துட்டு மூணாவது தங்குனதுக்கு. அந்த மூணாவதுதான் ஒனக்கு டியூசன் எடுக்குதே, அந்த டீச்சரு." ஊரின் நோய்நொடி, பயம், போக்குவரத்து எல்லாவற்றுக்கும் அந்தப் பொட்டல்தான் பதிவேடு. படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே வந்தார்கள்.

நான் சென்னையில் கணக்குத் தணிக்கையில் வேலை பார்க்கிறேன். யார் ஏட்டில் என்ன நிலுவை என்று தோண்டுவதுதான் பிழைப்பு. ஆனாலும் என் பெயரிலேயே ஒரு குதிரை நிலுவையில் நிற்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. அப்பத்தாவுக்கு உறைத்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சித்தப்பாவிடம் கேட்கும்: "இந்த வருசமாச்சும் எடுப்பாங்களாடா?"

எடுக்கவில்லை. 2008-ல் எடுப்பதாக இருந்தது. முதல் பரிவட்டம் யார் தலையில் கட்டுவது என்று இரண்டு கரைக்காரர்களுக்குள் (கோயிலில் பங்குள்ள வகையறாக்கள்) தகராறு வந்து, சமாதானக் கூட்டம், வழக்கு, கோயில் கதவில் பூட்டு என்று போனது. வழக்கு நடக்கும்போதே மழை பொய்த்தது. மழைக்கு நன்றியாகத்தான் புரவி எடுப்பார்கள், காய்ந்த வருஷத்தில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு கைவிட்டபோது கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது. அப்புறம் கொரோனா.

இதற்கு நடுவில், 2019 ஆடியில், அப்பத்தா போய்ச் சேர்ந்தது. கடைசி வாரத்தில் நகையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ அது எதுவும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, குதிரைய மறந்துறாத" என்றது. ஆக, கடன் முறைப்படி என் பெயருக்கு மாறிவிட்டது.

2021 ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிய மழையில் கண்மாய் நிறைந்து மறுகால் போனது. வழக்குப் போட்ட பெரியவர்கள் இருவரில் ஒருவர் அதற்குள் காலமாகியிருந்தார், இன்னொருவருக்குக் காது கேட்காது. சமாதானம் சுலபமாக வந்தது. 2023 சித்திரையில் பிடிமண் கொடுப்பது, ஆனியில் எடுப்பது என்று முடிவானது.

இங்கே எனக்கு ஒரு சிக்கல். கல்யாணமான பெண்ணுக்குப் புகுந்த வீட்டுக் குலசாமிதான் குலசாமி. எங்கள் வீட்டுக்காரர் பக்கம் அங்காளம்மன், விழுப்புரத்துக்கு அந்தப்புறம். எடுப்புக்கு வரி எழுத ஆரம்பித்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டு என் பெயரையும் எழுதச் சொன்னேன். தலைக்கட்டுக்கு 2,000 ரூபாய். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். சித்தப்பா சிரித்தார்.

"பொம்பளப் புள்ளைக்கு ஏதுத்தா தலைக்கட்டு? நீ நேத்திக்கடன் குதிரையா வையி. அதுக்கு யாரு என்னன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

வரி கட்ட உரிமை கிடையாது, கடன் கட்டத் தடை இல்லை. எங்கள் ஊர் வரவு செலவில் பெண்ணின் இடம் இதுதான்.

பிடிமண் கொடுப்பதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. கோயிலுக்கு நேர் எதிரே, கண்மாயின் உள்வாயில் ஊர்ப் பெரியவர் மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தினார். ஒரு பிடி மண்ணை எடுத்து, வெற்றிலை பாக்கும் தேங்காயும் வேட்டி துண்டும் இருந்த தாம்பாளத்தில் வைத்து, குதிரை செய்யும் குயவரான வேளாரிடம் நீட்டினார். வேளார் குனிந்து வாங்கி, மண்ணைத் துண்டில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு விரதம். மொத்தம் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அது நடக்காமல் ஒரு குதிரைக்காலைக்கூட உருட்ட முடியாது. அந்த ஒரு பிடி எதற்குக் காணும் என்று கேட்டேன். பிசையும் மண்ணில் கலந்துவிடுவார்களாம், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி.

அன்றைக்கு ஊர்ப் பெரியவர் அவரை "வாங்க வேளாரே" என்று கூப்பிட்டார். மறுநாள் டீக்கடையில் அதே வாய் "ஏய்யா" என்றதையும் கேட்டேன். இதையும் சேர்த்துத்தான் மரபு என்று சொல்ல வேண்டும்.

மிச்ச மண்ணுக்கு அனுமதி வாங்க சித்தப்பா மூன்று முறை அலைந்தார். மண்பாண்டத் தொழிலாளர்கள் வட்டாட்சியர் அனுமதியோடு கண்மாயில் கட்டணமில்லாமல் வண்டல் எடுக்கலாம் என்று அரசு நடைமுறையை எளிதாக்கியது 2024-ல். நாங்கள் ஒரு வருஷம் முந்திக்கொண்டோம்.

சித்திரை, வைகாசியில் லீவு கிடைத்தபோதெல்லாம் போய் வேளார் ஐயா வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டேன். அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். முதலில் என்னைப் படம் எடுக்க வந்தவள் என்று நினைத்து, சட்டை மாட்டிக்கொண்டு வந்து விறைப்பாக நின்றார். அப்பத்தா பெயரைச் சொன்னதும் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மண் மிதிப்பது அவர் வீட்டம்மா. கண்மாய்க் களிமண், கொஞ்சம் மணல், நெல் உமி. விடியற்காலை நாலு மணிக்குச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி குதிகாலால் மிதிக்க ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை மிதிப்பார். காலில் பரல் தட்டுப்பட்டால் நின்று, குனிந்து, விரலால் துழாவி எடுத்து எறிவார். பரலை விட்டால் சூளையில் அந்த இடம் தெறித்துவிடும். உமி எதற்கு என்றேன். "வேகுறப்ப உமி எரிஞ்சு போயிரும்ல, அந்த ஓட்டை வழியா ஆவி போகும். இல்லேன்னா வெடிச்சிரும்" என்றார். பிடிமண் வாங்கும்போது அவருக்கு இடம் கிடையாது. ஊரில் யாரைக் கேட்டாலும் குதிரை செய்தது வேளார் என்றுதான் சொல்வார்கள்.

குதிரை காலிலிருந்து வளரும். முதல் இரண்டு நாள் பார்த்தால் கொட்டகை முழுக்க வெறும் குழாய்கள்தான் நாலு நாலாக நிற்கும். மண்ணைக் கயிறு போல உருட்டி, ஒரு சுற்று வைத்து, உள்ளே கட்டைவிரலால் அழுத்தி, வெளியே பலகையால் தட்டி, அதன்மேல் அடுத்த சுற்று. ஒரு சாண் ஏறியதும் நிறுத்திவிடுவார். காய வேண்டும், ஆனால் ஒரேயடியாகக் காய்ந்தால் மேல் மண் ஒட்டாது. காயாவிட்டால் பாரம் தாங்காமல் கால் பிதுங்கிவிடும். ஈரச் சாக்கைப் போட்டு மூடுவதும், நடுராத்திரியில் எழுந்து வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதும்தான் பாதி வேலை. நாலு காலும் நின்றபின் அவற்றை இணைத்து வயிறு. அடியில் ஒரு ஓட்டை. கழுத்தும் தலையும் கடைசியில். தலை வைக்கும்வரை அது கழுதையா குதிரையா என்றே தெரியாது.

என் குதிரைக்குக் கழுத்து மணிகளை ஒட்ட என்னையே விட்டார். நெல்லிக்காய் அளவு மண்ணை உருட்டி, பின்பக்கம் சேறு தொட்டு, கழுத்தில் வைத்து ஒரு அழுத்து. மொத்தம் 11 மணி. நாலாவதை அழுத்தியதில் நசுங்கி அப்பளமாகிவிட்டது. வேறு வைக்கலாமா என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "கெடக்கட்டும்த்தா, குதிரைக்குத் தெரியாது" என்றார்.

இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். கோயில் வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பெரிய குதிரை இருந்தது. வேளார் ஐயாவின் தாத்தா செய்தது. 2011-ல் அதன் முன்னங்காலில் விரிசல் கண்டது. சித்தப்பாவும் அவர் கூட்டாளிகளும் சிமெண்ட் குழைத்துப் பூசினார்கள். அந்த யோசனையைச் சொன்னதும், பணம் அனுப்பியதும், "பழமையைப் பாதுகாப்போம்" என்று எழுதி ஃபேஸ்புக்கில் படம் போட்டதும் நான். 140 லைக் வந்தது. மூன்று மழைக்காலம் தாங்கியது. பிறகு ஒரு ராத்திரி கால் ஒடிந்து, குதிரை குப்புற விழுந்தது. ஒடிந்தது பூசின இடத்தில் இல்லை, அதற்கு ஒரு சாண் மேலே. சிமெண்ட் மட்டும் சேதமில்லாமல், சாக்ஸ் மாட்டின மாதிரி தரையில் நின்றது.

2023-ல் வேளார் ஐயாவை அங்கே கூட்டிப் போய்க் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"சுட்ட மண்ணு மழையில தண்ணி குடிக்கும், வெயில்ல விட்டுரும். நீங்க அது வாயை அடைச்சிப்புட்டீங்க. உள்ள எறங்குன தண்ணி எங்கிட்டுப் போகும்? மேல ஊறி மேல ஒடைஞ்சிருச்சு."

சொல்லிக்கொண்டே ஒடிந்த கால் துண்டு ஒன்றைப் புரட்டினார். உள்பக்கம் முழுக்க வரிவரியாகக் கட்டைவிரல் அழுத்திய தடங்கள். குதிரை முழுசாக இருந்தவரை யாரும் பார்த்திருக்க முடியாத இடம். அவர் தன் கட்டைவிரலை ஒரு தடத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. "பெரியவருக்குக் கை பெருசு" என்றார். நான் அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்க வாயெடுப்பதற்குள், அதைத் தூக்கி வேலியோரம் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அதே வைகாசியில், ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூட்டம். வெளிநாட்டில் இருக்கும் பையன்கள் சேர்ந்து பணம் தருகிறார்கள், ஒரே தடவையில் பெரிய கான்கிரீட் குதிரையாகக் கட்டிவிடலாம், வருஷா வருஷம் வெள்ளையடித்தால் போதும், நூறு வருஷத்துக்கு நிற்கும் என்றார்கள். பக்கத்து ஊர்களில் அப்படித்தான் நிற்கிறது, பார்க்கவும் எடுப்பாக இருக்கிறது. எனக்கே பாதி மனசு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. சொத்து என்றால் தேய்மானம் குறைவாக இருக்க வேண்டும் என்பது என் தொழில்புத்தி.

வேளார் ஐயாவைக் கேட்டார்கள். எழுந்து நின்று, "தாராளமா வைங்க. நல்லாத்தான் இருக்கும். பிடிமண்ணு வாங்க மட்டும் என்னையக் கூப்பிடாதீங்க. மூட்டையப் பிரிச்சு ஒரு பிடி சிமெண்டு எடுத்துக் கொத்தனார் கையில குடுத்துருங்க" என்றார்.

கூட்டம் சிரித்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கடைசியில் எங்கள் ஊர் வழக்கப்படி இரண்டும் நடந்தது. ரோட்டு முக்கில் கான்கிரீட் குதிரை, அதன் பீடத்தில் பளிங்குக் கல்லில் உபயதாரர் பெயர்கள். கோயிலுக்கு மண்குதிரை.

இதையெல்லாம் ஆபீஸில் சொன்னபோது தோழி ஒருத்தி, "யுனெஸ்கோவுக்கு எழுதிப் போடேன்" என்றாள். விளையாட்டாகத் தேடிப் படித்தேன். 2003-ல் இதற்கென்றே ஓர் உடன்படிக்கை போட்டிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1987-ல் ஏறிய பட்டியல் வேறு, அது கட்டடங்களுக்கும் இடங்களுக்கும். இது சடங்கு, பாட்டு, கைவேலை இவற்றுக்கு. இந்தியாவிலிருந்து வேதம் ஓதுதல், கூடியாட்டம், ராம்லீலா மூன்றும் 2008-ல் இதில் ஏறின. கும்பமேளா 2017-ல், கொல்கத்தா துர்கா பூஜை 2021-ல். தமிழில் இதைத் "தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபு" என்று எழுதுகிறார்கள். நகக்கண்ணில் ஏறிய களிமண் நாலு நாளாகப் போகாத நேரத்தில் அந்தச் சொல்லைப் படித்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த உடன்படிக்கையும் வேளார் ஐயாவும் ஒரே பக்கம். செய்த பொருளைவிட, செய்யத் தெரிந்த கையும் அது அடுத்த கைக்குப் போவதும்தான் முக்கியம் என்கிறது அது. கொல்கத்தாவில் துர்க்கையைக் களிமண்ணில் அவ்வளவு அழகாகச் செய்து விஜயதசமியன்று ஆற்றில் கரைத்துவிடுகிறார்கள். ஜப்பானில் இசே கோயிலை 20 வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள், 2013-ல் 62-வது முறை. (அவர்களுக்குத் திட்டமிட்டு 20 வருஷம். எங்களுக்கு வழக்காடி 17.) ஒரு தச்சன் பையனாக வேடிக்கை பார்த்து, அடுத்த முறை செய்து, அதற்கடுத்த முறை சொல்லிக்கொடுக்கிற இடைவெளி அது. எங்கள் ஊரில் அந்த இடைவெளியில் வேளார் ஐயாவின் இரண்டு மகன்களும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். இந்த எடுப்புக்குப் பெரியவன் ஒரு மாதம் லீவு போட்டு வந்து அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே கால்களைச் சுற்றினான். 2008-ல் எடுத்திருந்தால் திருப்பூருக்கே போயிருக்கமாட்டான் என்று அவன் அம்மா சொன்னார். அது அம்மாவின் கணக்கு.

முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் அய்யனாரும் மண்குதிரைகளும் இருக்கின்றன. என் மகனைக் கூட்டிப் போயிருந்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, சுத்தமாக, அழகாக வைத்திருக்கிறார்கள். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இது யாரோட குதிரை?" என்றான். ஊரில் கழுத்தில்லாத குதிரைக்குக்கூட அப்பத்தாவிடம் பதில் இருந்தது. என்னிடம் இல்லை.

எல்லாம் போற்றத்தக்கது என்று எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு தெருவில் மட்டும் வரி வாங்கியதே இல்லை. பறை அடிக்க அவர்கள் வேண்டும், குதிரைக்கு முன்னால் நாலு மைல் அடித்துக்கொண்டு வர வேண்டும், வரி மட்டும் வேண்டாம். வெளியூர்க்காரருக்கு இது சலுகை மாதிரித் தெரியும். வரிப் புத்தகத்தில் பெயர் இல்லை என்றால் சாமியில் பங்கு இல்லை என்று அர்த்தம். 2023-ல் அந்தத் தெருப் பையன்கள் மந்தைக்கு வந்து, "எங்ககிட்டயும் வரி வாங்குங்க" என்று நின்றார்கள். இரண்டு கூட்டம் கூச்சலில் கலைந்தது. மூன்றாவதில் வாங்கினார்கள். மூன்று குதிரைகள் அந்தத் தெருவிலிருந்து வந்தன. வழக்கத்தை மாற்றுகிறார்கள் என்று சில வீடுகள் எடுப்புக்கே வரவில்லை. பெண் பெயரில் தலைக்கட்டு கேட்க எனக்கும் அங்கேதான் தைரியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பறைக்கு நேர்ந்தது வேறு கூத்து. வெளிநாட்டுப் பையன்கள் செண்டை மேளம் ஏற்பாடு செய்திருந்தார்கள். வீடியோவுக்கு நன்றாக இருக்குமாம். சாமியாடி செண்டைக்கு முன்னால் கால்மணி நேரம் நின்றார், அருள் இறங்கவில்லை. பின்னால் நின்ற பறைக்காரர்களை முன்னே கூப்பிட்டார்கள். இரண்டே நிமிஷம்.

எடுப்புக்கு முதல் நாள் குதிரைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மொத்தம் 43. சுண்ணாம்பு அடித்து, சேணத்துக்குச் சிவப்பும் பச்சையும் தீட்டி, கழுத்தில் மாலையும் துண்டும். ஐந்து குதிரைகள் சூளையில் வெடித்துவிட்டன. என்னுடையது தப்பித்தது, வால் நுனியில் மட்டும் கருகல். கண் மட்டும் யாருக்கும் இல்லை. பூசை முடிந்து, வேளார் ஐயா குளித்து ஈரவேட்டியோடு வந்து, அரண்மனை பேரில் வைக்கும் குதிரையில் ஆரம்பித்து ஒவ்வொன்றுக்கும் கறுப்பு மையால் கண் எழுதிக்கொண்டே வந்தார். அதுவரை மண்ணாக நின்றது அதோடு சாமியின் உருப்படி. அவரே அப்புறம் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் தொட்டார்.

மூங்கிலில் வைத்துக் கட்டி, குதிரைக்கு நாலு பேர், பெரியதற்கு எட்டுப் பேர். என் குதிரையைச் சித்தப்பா மகன்களும் அவர்கள் கூட்டாளிகளும் தூக்கினார்கள். பெண்கள் தூக்குவதில்லை. நாங்கள் பின்னால் குலவை போட்டபடி ஓட்டமும் நடையுமாகப் போனோம். மைக்கில் பெயர் வாசித்தார்கள். என் குதிரைக்கு அப்பா பெயரைச் சொன்னார்கள். திருத்தலாம் என்று பார்ப்பதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். ராத்திரி மந்தையில் தங்கல், மறுநாள் சாயங்காலம் கோயில்.

கோயிலில் சாமியாடி ஒவ்வொரு நேர்த்திக்கடன் குதிரைக்கும் முன்னால் நின்று விபூதி போட்டுக்கொண்டே வந்தார். என் முன்னால் வந்ததும், "யாரு கடன்?" என்றார்.

அப்பத்தா பெயரைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அந்த மனிதர் மற்ற நாட்களில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர், எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனாலும் அந்தப் பார்வையில் எனக்கு முழங்கால் நடுங்கியது. "தீந்துச்சு" என்று சொல்லி விபூதியை அள்ளிக் குதிரை மேலும் என் தலை மேலும் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். அப்புறம் அய்யனாருக்குத் திரை போட்டு மறைத்துவிட்டு, அந்தப் பக்கம் கருப்பருக்குக் கிடா வெட்டினார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் வேளார் ஐயாவிடம் கேட்டேன். என் குதிரைக்கு மட்டும் மேலே ஒரு தகரம் போட்டு, நாலு கம்பி நட்டுவிடலாமா? செலவு நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மழையில சுத்துற சாமிக்குக் குதிரைய நெழல்ல கட்டிப் போட்டா எப்புடி?" என்றார். வீட்டம்மா பக்கத்தில் இருந்து, "காசு இருந்தா எங்க கொட்டகைக்குப் போடு" என்றார். அதற்குத்தான் போட்டோம்.

2024 மார்கழி மழையில் சித்தப்பா வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். என் குதிரையின் சுண்ணாம்பு முழுக்கப் போய்ச் செம்மண் நிறமாகியிருந்தது. எழுதிய கண் கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது. நசுங்கிய நாலாவது மணி அப்படியே இருந்தது. இடது காதைக் காணோம்.

உடனே கூப்பிட்டேன். "சித்தப்பா, காது பக்கத்துலதான் விழுந்திருக்கும். எடுத்து வையுங்க, அடுத்த தடவை வர்றப்போ..."

"ஏத்தா, கண்மாய் தளும்பிக்கிட்டு நிக்கிது, கோயில் வாசப்படி வரைக்கும் தண்ணி. நான் மடையப் பாப்பனா, ஒன் குதிரை காதைத் தேடுவனா?" என்று போனை வைத்துவிட்டார்.